அஞ்சு ஃபவுல் மிச்சம்

அந்த பெல்ட்டப் புடிச்சு அப்படியே இழுத்து இந்தப் பக்கம் மாட்டுங்கண்ணே. டொக்குன்னு ஒரு சத்தம் வரணும். ஆங், வந்துருச்சு. வெடுக்குன்னு இழுத்தா வராது அது. ஏசி போடட்டா? வேண்டாமா, சரி, கண்ணாடி எறங்கியே இருக்கட்டும்.

எழில் அம்மாகிட்ட, அக்காகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்ணே. நூறு நாள் வேலைக்குப் போயிருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. வாய்க்கா கரையில மம்பட்டியோட நிக்கறவங்களுக்கு போன் போட்டு இப்படின்னு சொன்னா அங்கேயே ஒக்காந்துருவாங்க. நீங்க வந்து ஒரு கண்ணு பாருங்க. பாத்துட்டு உங்க வாயால சொல்லுங்க.

மயக்கம்தாண்ணே. மேட்ச் முடிஞ்சதும் உங்க பொண்ணுக்கு மயக்கமா வந்துருச்சு. நல்ல ஆஸ்பத்திரிலதான் சேத்துருக்கோம், நீங்க பயப்படாதீங்க. காலேஜ் ஆளுங்க அங்கயேதான் நிக்கறாங்க.

நெல்லப் பத்தி யோசிக்காதீங்க. வீரையன் பாத்துக்கறேன்னுட்டாரே. தார்ப்பாய் எடுத்துப் போட்டுட்டுதான் நம்மள அனுப்புனாரு, நான் பாத்தேன். ஆனா வானம் ஒரு மாதிரிதான் இருக்கு. அந்தப் பக்கம் பாருங்க, கருகருன்னு கட்டிக்கிட்டு வருது. மூணு நாளா மூட்டைக்குக் காவலா கொள்முதல் நிலையத்துலயே படுத்துருக்கீங்க. இன்னைக்கு எடை போட்டுருவாங்கண்ணே. போட்டுருவாங்க.

நேத்தேவா? நேத்து சொல்லாம... உங்க போனு கெடைக்கலண்ணே. சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு. சார்ஜ் இல்லாம இருந்துருக்கும்.

நீங்க என்னைய இதுக்கு முன்னாடி ஒரு தடவதான் பாத்துருக்கீங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி எழில கொண்டாந்து சேக்கறப்ப, ஸ்போர்ட்ஸ் கோட்டால ஃபீஸ் கெடையாது, ஹாஸ்டலும் நாங்க பாத்துக்கறோம்னு சொன்னது நாந்தான். ஜெனிட்டா. எழில் உங்ககிட்ட கோச் மேம், கோச் மேம்னு சொல்லியிருப்பா. என் பேரு வந்துருக்காது.

சொல்லியிருக்காளா? என்ன சொன்னா?

அப்படியா சொன்னா. ம்.

இந்த ரோட்ட பாருங்க, பாதி ரோட்டுல நெல்ல காயப் போட்டுருக்காங்க. அது மேல ஏத்திட்டுப் போகவும் மனசு வரல. ஒரு பக்கமா உருட்டிக்கிட்டுதான் போகணும். லேட்டாகாதுண்ணே. திருவையாறு தாண்டிட்டோம்னா அரை மணி நேரம்தான்.

மேட்ச்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியணும்ல. ஆஸ்பத்திரில ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அதனால நானே சொல்லிடறேன். நீங்க பாஸ்கட்பால் பாத்ததில்லல்ல? பரவால்ல, வெளக்கமா சொல்றேன்.

ஃபைனல். பதினோரு வருஷமா நாங்க ஃபைனலுக்கே வரல. கும்பகோணம் பக்கத்து டீம் அது, நல்ல டீம். கடைசி ஒரு நிமிஷம் இருக்கு, நாங்க நாலு பாயிண்ட் பின்னாடி. பந்து அவங்க கையில. அவங்க பெருசா ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. பந்த கை மாத்தி கை மாத்தி வெச்சுக்கிட்டு இருந்தாலே போதும், கடிகாரம் பாட்டுக்கு ஓடிரும். அந்தக் கடிகாரத்த நிறுத்தணும். அதுக்கு எங்ககிட்ட இருக்கற ஒரே வழி ஃபவுல்.

அடிக்கறதுன்னு நெனச்சுக்காதீங்க. பந்து வெச்சிருக்கற புள்ளயோட கையில பட்டுட்டா ஃபவுல். விசில் ஊதுவாங்க, கடிகாரம் நின்னுரும். தண்டனையா அந்தப் புள்ளைக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ குடுப்பாங்க. கோட்டுல நின்னு, யாரும் மறிக்காம, நிதானமா கூடையில போடலாம். விழுந்தா ஒண்ணுக்கு ஒரு பாயிண்ட். விழலன்னா பந்து நம்ம கைக்கு வர வாய்ப்பு இருக்கு.

ஆமாண்ணே, தெரிஞ்சேதான் பண்றது. தப்புதான், ஆனா ஆட்டத்துக்குள்ள இருக்கற தப்பு. எல்லா டீமும் பண்ணும். எங்களுக்கும் பண்ணியிருக்காங்க.

யாரு மேல பண்ணணும்ங்கறதுலதான் கோச்சோட வேல இருக்கு. அவங்க டீம்ல அனீஸான்னு ஒரு பொண்ணு, ஒம்பதாம் நம்பர், கூத்தாநல்லூர் புள்ள. சிறுத்த மாதிரி ஓடும். ஆனா ஃப்ரீ த்ரோ கோட்டுல நின்னா கை நடுங்கும் அதுக்கு. செமி ஃபைனல்ல கேலரில ஒக்காந்து எண்ணிக்கிட்டே இருந்தேன். பதினோரு தடவ போட்டுச்சு, மூணுதான் விழுந்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், கடைசில தேவப்பட்டா இந்தப் புள்ளயதான் புடிக்கணும்னு. பாவம்தான். அந்தப் புள்ளைக்கும் வீட்ல அப்பா அம்மா இருப்பாங்க. அதெல்லாம் அப்ப தோணாதுண்ணே.

அண்ணே, அந்த அறுவட மிஷின் போகட்டும், கொஞ்சம் ஒதுங்கி நிக்கறேன். ரோட்டு அகலத்துக்கு வருது பாருங்க. நீங்களும் மிஷின் ஓட்டுனீங்கல்ல முன்னாடி? எழில் சொல்லும். மன்னார்குடி வரைக்கும் போயி அறுப்பீங்களாமே. அப்பா மிஷின் மேல ஒக்காந்தா சாப்பாட்டுக்குக்கூட எறங்காது மேம்னு பெருமையா சொல்லும்.

தண்ணி வேணுமா? அந்தக் கதவுலயே பாட்டில் இருக்கு.

ம், எங்க விட்டேன். யாரு மேலங்கறத சொல்லிட்டேன். யாரு பண்றதுங்கறதும் ஒரு கணக்கு. ஒரு புள்ள அஞ்சு ஃபவுல் பண்ணிட்டா வெளிய போயிரணும், மேட்ச் முடியற வரைக்கும் உள்ள வரக்கூடாது. நம்ம டீம்ல ஒருத்தி ஏற்கெனவே அஞ்சு பண்ணி வெளிய ஒக்காந்துருக்கா. ரெண்டு பேரு நாலுல நிக்கறாங்க, மத்ததுங்களுக்கு இது சரியா வராது. பூவிழின்னு நம்ம புள்ள ஒருத்தி, அவள இதுக்கு விடவே கூடாது, அவதான் ஸ்கோர் பண்ணணும். அப்ப மிச்சம் யாரு இருக்கா? எழில். பெஞ்ச்சுல ஒக்காந்துருந்துச்சு. அதுகிட்ட அஞ்சு ஃபவுலும் அப்படியே மிச்சம்.

அது... ஆமா, கேப்டன்தான். கேப்டனா இருந்தாலும் சில மேட்ச்சுல ஒக்கார வெப்போம்ணே. ரெஸ்ட் குடுக்கறது. கடைசிக்குன்னு வெச்சிருப்போம்.

உங்களுக்குத் தெரியாது, அது ரொம்ப பதவிசா ஃபவுல் பண்ணும். அதுல ஒரு நெளிவு சுளிவு இருக்கு. பந்துக்குப் போற மாதிரியே போகணும், ஆளுக்குப் போறது மாதிரி தெரிஞ்சா பெரிய ஃபவுலா ஆக்கிருவாங்க, பந்தும் அவங்களுக்கே போயிரும். எழிலு பந்த தட்டப் போற மாதிரியே போயி சரியா மணிக்கட்டுல ஒரு தட்டு தட்டும். யாருக்கும் வலிக்காது. தட்டிட்டு ஸாரிக்கான்னு வேற சொல்லும், எதிர் டீம் புள்ளகிட்ட.

எறக்கினேன். மொத தடவ போயி தட்டுச்சு. அனீஸா ரெண்டையும் விட்டுருச்சு. பந்து எங்களுக்கு, பூவிழி போட்டா. ரெண்டு பாயிண்ட்தான் பின்னாடி இப்ப. திரும்பவும் தட்டுச்சு. அனீஸா ஒண்ணு போட்டுச்சு, ஒண்ணு போச்சு. பூவிழி தூரத்துலேர்ந்து எறிஞ்சா, மூணு பாயிண்ட். சரி சமம். கேலரில சத்தம்னா அப்படியொரு சத்தம், உங்க பொண்ணு பேரச் சொல்லிதான் கத்துனாங்க. அவங்க கோட்டுக்கு வெளியேர்ந்து பந்த உள்ள எறியறாங்க, எழிலு கையில பட்டு தெறிச்சு நேரா பூவிழிகிட்ட. அவ ஏறிப் போட்டா, போடறப்ப அவங்க இடிச்சாங்க, அதுக்கு ஒண்ணு. மூணு பாயிண்ட் முன்னாடி போயிட்டோம். பன்னெண்டு செகண்டு பாக்கி.

இந்த எடத்துலதாண்ணே...

இருங்க, பாலத்துல எதிர்ல பஸ் வருது.

வெண்ணாறு பாருங்க, ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு போகுது. போன வருஷம் இந்நேரம் மணல்தான் தெரிஞ்சுது.

இந்த எடத்துல கோச்சுங்களுக்குள்ளயே சண்ட வரும். மூணு பாயிண்ட் முன்னாடி இருக்கோம், பந்து அவங்க கையில. சும்மா மறிச்சுக்கிட்டு நின்னா, அவங்க தூரத்துலேர்ந்து ஒண்ணு எறிஞ்சு விழுந்துட்டா சமமாயிரும், இன்னொரு அஞ்சு நிமிஷம் ஆடணும். ஃபவுல் பண்ணிட்டா ரெண்டுக்கு மேல அவங்களுக்குக் கெடைக்காது. ஆனா ஃபவுல் பண்ணப் போற எடத்துல ஏடாகூடமா எதுவும் ஆகலாம். பிரகதீஸ்வரின்னு ஒரு பொண்ணு, என்கிட்ட படிச்சதுதான், இப்ப எனக்கு ஒத்தாசையா இருக்கு. அது என் கையப் புடிச்சுக்கிட்டு, மேம், வேண்டாம் மேம், மறிச்சு நின்னாலே போதும், அவங்களால போட முடியாதுன்னு சொல்லுச்சு.

அது சொன்னது சரிதான். இப்ப யோசிச்சா அதுதான் சரி. ஆனா எனக்கு அந்த அஞ்சு நிமிஷம் பயமா இருந்துச்சு. இன்னொரு அஞ்சு நிமிஷம் போச்சுன்னா எழிலால நிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதனால இப்பவே முடிச்சிரணும்னு...

ஏன்னா... களைப்புதாண்ணே. அவ்வளவு நேரம் ஒக்காந்துட்டு திடீர்னு ஓடுனா மூச்சு வாங்கும்ல.

கையத் தூக்கி முஷ்டிய மடக்கிக் காட்டினேன். அதுதான் சைகை. எழிலு என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஒரு கையி நெத்தில இருந்துச்சு. நான் திரும்பவும் காட்டினேன். அது தலைய ஆட்டிட்டுப் போச்சு. அனீஸா திரும்பற நேரம், இதுவும் பாயற நேரம், ரெண்டு தலையும் மோதிருச்சு. தேங்காய்க்குத் தேங்காய் மோதுன மாதிரி கேட்டுச்சுண்ணே, அவ்வளவு கூச்சல்லயும் எனக்குக் கேட்டுச்சு.

இல்லண்ணே, உடனே எந்திரிச்சிருச்சு. சத்தியமா. அனீஸாவுக்குதான் புருவத்துல ரத்தம், எழில்தான் போயி அதத் தூக்கி விட்டுச்சு. அனீஸா கட்டுப் போட்டுக்கிட்டு வந்து ஒண்ணு போட்டுச்சு, ஒண்ணு விட்டுச்சு. மணி அடிச்சிருச்சு, ஜெயிச்சாச்சு. கப்பு வாங்கினோம், போட்டோ எடுத்தோம். என் போன்ல இருக்கு, சிரிச்சுக்கிட்டுதான் நிக்குது. போட்டோ எடுத்து கால் மணி இருக்கும். ஷூ லேச அவுக்கறேன்னு குனிஞ்சுச்சு. அப்படியே சாஞ்சிருச்சு.

வண்டிய நிறுத்தவா? இல்ல, நிறுத்தக்கூடாது, போவோம். மூச்ச நல்லா இழுத்து விடுங்க.

மயக்கம்னுதான் சொன்னேன். மயக்கம்தான்... மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருந்துச்சு. ஆபரேஷன் பண்ணிட்டாங்க. நேத்து ராத்திரியே பண்ணிட்டாங்க.

கையெழுத்து நான் போட்டேன். காப்பாளர்னு ஒரு எடம் இருந்துச்சு.

உங்க போன்... அடிக்கலண்ணே. யாரும் அடிக்கல. சுவிட்ச் ஆஃப்னு நான் சொன்னது பொய்தான். என்னைய மன்னிச்சிருங்க. காலேஜ் செயலாளர் வரட்டும், அவர் வந்து பேசட்டும், அதுவரைக்கும் வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நான் ரெண்டு தடவ உங்க நம்பர எடுத்தேன். எடுத்துட்டு வெச்சுட்டேன்.

உசுரு இருக்குண்ணே! மாதா சத்தியமா இருக்கு. காலைல அஞ்சு மணிக்கு கண்ணாடி வழியா பாத்துட்டுதான் உங்க ஊருக்குக் கெளம்பினேன். கண்ணு தெறக்கல. மிஷின்லதான் மூச்சு ஓடுது. ரெண்டு மூணு நாள் போனாதான் எதுவும் சொல்ல முடியும்னுட்டாரு டாக்டரு. முழிச்சாலும் எப்படி முழிக்கும்னு சொல்ல முடியாதுன்னாரு.

அடிங்கண்ணே, டேஷ்போர்டுதானே, அடிங்க. என்னைய அடிச்சாலும் வாங்கிக்குவேன்.

அக்காவுக்கு போன் போடறீங்களா? போடுங்க. எடுக்கலையா? டவர் இருக்காது. வீரையனுக்குப் போட்டு, சைக்கிள்ல ஒரு ஆள அனுப்பச் சொல்லுங்க.

சொல்லிட்டீங்களா. ம்.

கரந்தை வந்துட்டோம். இன்னும் பத்து நிமிஷம். அண்ணே, ஒரு விஷயம் நான் உங்ககிட்ட சொல்லியாகணும். என்னையத் தனியா அனுப்பினதே அதுக்குதான். காலேஜ் கார்ல டிரைவரோட போறேன்னேன், வேண்டாம், நீங்களே போங்க, வழியிலயே பேசி முடிச்சிட்டு வாங்கன்னாங்க. உங்க காலுகிட்ட ஒரு பழுப்பு கவர் இருக்கு பாருங்க. அதுல இருக்கற பேப்பர்ல உங்க கையெழுத்து வேணுமாம். பேனாகூட உள்ளயே இருக்கு.

படிங்க. மெதுவாவே படிங்க, டிராஃபிக்குதான்.

ஆமா. அதான் எழுதியிருக்கு. பத்து நாளைக்கு முன்னாடி எழில்மொழிக்கு தலையில அடிபட்டது, தலவலியும் வாந்தியும் இருந்தது, அது குடும்பத்தாருக்குத் தெரியும், காலேஜ்கிட்ட மறைச்சிட்டோம், புள்ள தன் விருப்பத்துல ஆடுச்சு. அப்படின்னு. கீழ இராஜாங்கம்னு உங்க பேரு. அடிச்சே வெச்சிருக்காங்க.

உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ணே. வீட்ல சொல்லாதீங்க மேம், அப்பா ஆட வேண்டாம்னுரும்னு என் கையப் புடிச்சுக்கிட்டு கெஞ்சுச்சு. நானும் சொல்லல. பிராக்டிஸ்ல பந்த தொரத்திக்கிட்டு போயி கூடை மாட்டியிருக்கற போஸ்ட்ல மோதிருச்சு. அந்தப் போஸ்ட்டுக்கு மெத்த கட்டணும்னு மூணு வருஷமா நான் எழுதிக் குடுக்கறேன், அது வேற கத. நாந்தான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். ஒரு மாசம் ஓடக்கூடாது, இன்னொரு அடி பட்டுச்சுன்னா ஆபத்துன்னு சொன்னாரு. சீட்டுலயும் எழுதிக் குடுத்தாரு. அந்த மேட்ச் பூரா அதான் ஒக்கார வெச்சிருந்தேன். கடைசி ஒரு நிமிஷம் வரைக்கும்.

இல்லண்ணே, மறக்கல. மறந்துட்டேன்னு நேத்து செயலாளர்கிட்ட சொல்லிப் பாத்தேன். எனக்கே நம்ப முடியல. பெஞ்ச்ச திரும்பிப் பாத்தப்ப, அஞ்சு ஃபவுல் இருக்குங்கறதுதான் கண்ணுல தெரிஞ்சுச்சு. நாப்பது அம்பது செகண்டுதானே, தொட்டுட்டு வந்துரும், என்ன ஆயிரப் போகுதுன்னு.

வேண்டாம், பேனாவ வெளிய எடுக்காதீங்க. அந்தப் பேப்பர மடிச்சு சட்டப் பையில வெச்சுக்கங்க. யாரு கேட்டாலும் திருப்பிக் குடுக்காதீங்க. கவருக்குள்ள அடியில சின்னதா ஒரு சீட்டு இருக்கும், விரலப் போட்டுப் பாருங்க. அதான் டாக்டர் சீட்டு. தேதி இருக்கு, கூட்டிட்டு வந்தவங்கன்னு என் பேரு இருக்கு. இன்னைக்குக் காலைல நாந்தான் உள்ள வெச்சேன். வெச்சுட்டு வேற எதுவும் சொல்லாம உங்கள எறக்கி விட்டுட்டுப் போயிரலாம்னுதான் இருந்தேன்.

வேல போனா போகட்டும். போலீசு கூப்பிட்டா போறேன்.

இதோ இந்தக் கட்டடம்தான். வாசல்ல நாலு பேரு நிக்கறாங்கல்ல, வெள்ளச் சட்ட போட்டவருதான் செயலாளர். கும்புடுவாரு, தோள்ல கைய போடுவாரு. நீங்க நேரா மூணாவது மாடிக்குப் போயிருங்க. பூவிழி அங்கதான் ஒக்காந்துருக்கு, அது காட்டும்.

என்னண்ணே?

மேட்ச்ல எறக்கும்போது எதாவது சொன்னாளான்னா? ஏன் கேக்கறீங்க. அது எதுவும் சொல்லாம எறங்குமா, உங்க பொண்ணாச்சே. கூப்ட்டதும் ஓடி வந்துச்சு, பனியன இழுத்து விட்டுக்கிச்சு. ஸ்கோர் போர்டப் பாத்துட்டு, மேம், நம்பரெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னுச்சு. போர்டப் பாக்காத, ஒம்பதாம் நம்பர மட்டும் பாருன்னேன். அதுக்கு, அவளும் ரெண்டு பேரா தெரியறா மேம், எவளப் புடிக்கறதுன்னுச்சு. சிரிச்சுக்கிட்டேதாண்ணே கேட்டுச்சு. நானும் சிரிச்சேன்.

கிட்டக்க எவ தெரியறாளோ அவளப் புடின்னேன்.